பட்டறைத் தபால்: சின்ன வளைவுக்கு எந்த ஃபைபர்?

போன இதழில் கார் கதவில் ஸ்பீக்கர் மாட்டுவது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஸ்பீக்கருக்கு ஃபைபரில் நாமே கூடு செய்துகொள்ளலாமா, கடைக்குப் போனால் என்ன கேட்டு வாங்குவது? அதனால் கிளட்ச், ரேடியேட்டர் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

எனக்கு இந்த வேலை காரில் பழகியது இல்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005இல், நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுக் கொட்டகையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கட்டுமரம் போன கரையெல்லாம் ஃபைபர் படகு வந்துகொண்டிருந்த நேரம். ரெசின் (காய்ந்தால் கல்லாக இறுகும் பிசின்) கலக்குவது, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) கிழிப்பது, ரோலர் உருட்டுவது எல்லாம் அங்கே கற்றது. திருச்சிக்கு வந்து கார் ஆடியோ பட்டறை போட்டது அப்புறம்தான்.

*

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: அண்ணா, பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். என் பழைய காரின் முன் கதவில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரும், முன் கண்ணாடி ஓரத்துத் தூணில் சின்ன ட்வீட்டரும் (கீச்சு ஓசைக்கான குட்டி ஸ்பீக்கர்) வைக்க ஆசை. ஃபைபரில் கூடு செய்யலாம் என்று கடைக்குப் போனேன். ‘ஃபைபர் கொடுங்க’ என்றதும் கடைக்காரர் ஐந்து வகையை எடுத்துப் போட்டு ‘எது?’ என்றார். 300 மேட், 450 மேட், தடித்த ரோவிங், மெல்லிய கண்ணாடித் துணி, அப்புறம் டிஷ்யூ என்று ஒன்று. முழித்துவிட்டு வந்துவிட்டேன். எதை வாங்குவது?

முழித்துவிட்டு வந்தது நல்லதுதான் தம்பி. நான் முதல் கார் வேலைக்கு முழிக்காமல் வாங்கிவிட்டேன். கதையைச் சொல்கிறேன்.

படகுக் கொட்டகையில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: தடி ஜாஸ்தி என்றால் பலம் ஜாஸ்தி. முதலில் ஜெல் கோட் என்ற வெளிப்பூச்சு, அதன்மேல் 300 மேட், பிறகு 450 மேட் ஒன்று, 600 ரோவிங் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவோம். அந்தப் புத்தியோடு, திருச்சியில் வந்த முதல் ட்வீட்டர் கூட்டுக்கு 600 ரோவிங்கை வெட்டிப் போட்டேன். கூடு என் உள்ளங்கை அளவு. ரோவிங் என்பது கயிறு மாதிரிக் கண்ணாடி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்த பாய். படகின் வயிற்றில் வளைவு ஒரு ஆள் நீளத்துக்குப் போகும், பாய் அழகாகப் படுக்கும். உள்ளங்கை அளவு வளைவில் அது எப்படிப் படுக்கும்? ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழுந்து நின்றது. கிளிப் போட்டு இறுக்கி, ரெசினை ஊற்றி, காய்ந்த பிறகு மேலே மேடு பள்ளம் நிரப்பும் பட்டி தடவி, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் வண்டி திரும்பி வந்தது. மூலையில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், பொத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த இடத்தில் ஃபைபரே இல்லை. ரோவிங் மூலையைத் தொடாமல் பாலம் மாதிரித் தாண்டிப் போயிருக்கிறது, அடியில் வெறும் காற்று, மேலே வெறும் பட்டி.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ட்வீட்டர் கூட்டுக்கு 300 மேட். கதவுக் கூட்டுக்கு முதல் இரண்டு அடுக்கு 300, அதன்மேல் 450. ரோவிங் வேண்டாம். மீதி இரண்டைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் பனியன் கம்பெனிக்காரர் என்பதால் ஒரு வசதி, ஜி.எஸ்.எம். என்றால் என்ன என்று நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. டி-ஷர்ட் துணிக்கு 180, ஸ்வெட் ஷர்ட்டுக்கு 280 என்று நீங்கள் சொல்வீர்களே, அதே கணக்குதான். ஒரு சதுர மீட்டர் மேட் 300 கிராம் இருந்தால் அது 300 மேட். ஆனால் மேட் நெய்ததும் இல்லை, பின்னியதும் இல்லை. ஏறக்குறைய இரண்டு இஞ்ச் நீளத்துக்கு நறுக்கிய கண்ணாடி இழைகளை எல்லாத் திசையிலும் தூவி, ஒரு பசை போட்டு ஒட்டிய தாள், அவ்வளவுதான். கடையில் கையில் எடுத்தால் விறைப்பாக, அப்பளம் மாதிரி இருக்கும். ‘இது எங்கே வளையப்போகிறது’ என்று தோன்றும். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. அது அந்தப் பசையைக் கரைத்துவிடும். ரெசின் பட்டு ஒன்றிரண்டு நிமிஷத்தில் மேட் தளர்ந்து, நனைந்த பஞ்சு மாதிரி ஆகி, எந்த வளைவில் வைத்தாலும் அப்படியே படிந்துகொள்ளும். நெய்த துணிக்கு இந்தக் குணம் கிடையாது. சின்னக் கூட்டுக்கு நான் மேட்டைச் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான்.

மேட்டைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும், தேய்த்துச் சமப்படுத்த அரை நாள் போகும். கிழித்த ஓரத்தில் இழைகள் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருப்பதால் அடுத்த துண்டோடு கலந்து மறைந்துவிடும். ட்வீட்டர் கூட்டுக்கு முழு விரிப்பாக ஒரே துண்டு போட நினைக்க வேண்டாம். தீப்பெட்டி அளவுத் துண்டுகளாகக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்குங்கள். பிரஷ்ஷை பெயிண்ட் அடிப்பதுபோல் இழுத்தால் இழையெல்லாம் பிரஷ்ஷோடு வந்துவிடும். குத்த வேண்டும். டொப் டொப்பென்று குத்திக்கொண்டே போனால், வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளியும். வெள்ளை மிச்சமிருந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். கூர்மையான மூலையில் எந்த மேட்டும் படியாது. உள் மூலைகளில் முதலிலேயே கொஞ்சம் பட்டியை விரலால் இழுத்து, சுண்டுவிரல் வளைவு கொடுத்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. 450 மேட் ஓர் அடுக்கு கையால் போட்டால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். 300 அதில் மூன்றில் இரண்டு பங்கு. ட்வீட்டருக்கு 300இல் மூன்று அடுக்கு, 2 மில்லிமீட்டர், தாராளம். கதவில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரின் காந்தம் கனமானது, அது அடிக்கும் அடியும் பெரியது. அங்கே நாலு, நாலரை மில்லிமீட்டர் வரட்டும், அதாவது 300இல் இரண்டு, 450இல் மூன்று. கதவுக் கூட்டின் பரப்பு சுமார் 30க்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு கூட்டுக்கு 150 கிராம் மேட் பிடிக்கும். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். இரண்டு கதவு, இரண்டு ட்வீட்டர், சேதாரம் எல்லாம் சேர்த்து 300 மேட் ஒரு சதுர மீட்டர், 450 மேட் ஒரு சதுர மீட்டர், ரெசின் இரண்டு கிலோ. கடைக்காரர் ஐந்து கிலோ டப்பாவைக் காட்டினால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்த ரெசின் நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் தானாகவே கட்டியாகிவிடும்.

கூட்டுக்கு வடிவம் கொடுக்க மேலே இழுத்துக் கட்டும் துணி உங்கள் ஊரிலேயே கிடைக்கும். ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தையும் அடிப்பலகையையும் வேண்டிய கோணத்தில் நிறுத்தி, அதன்மேல் ஃபிளீஸ் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடித்து, ரெசினில் நனைத்தால் கூட்டின் வடிவம் வந்துவிடும். நாங்கள் இங்கே அதற்குக் கடை கடையாக அலைகிறோம், நீங்கள் கட் பீஸ் குவியலில் கையை விட்டு எடுக்கலாம். எல்லாப் பக்கமும் இழுபடும் துணியாக, பஞ்சுப் பக்கம் வெளியே இருக்கும்படி கட்டுங்கள். ரெசினை அந்தப் பக்கம்தான் நன்றாகக் குடிக்கும். ஆனால் ஒன்று, துணி வடிவத்துக்கு மட்டும்தான். அது காய்ந்து கல் மாதிரி ஆனதும் ‘இதுவே போதும்’ என்று தோன்றும். போதாது. பலம் உள்ளே போடும் மேட்டில்தான் இருக்கிறது. கை நுழைந்தால் உள்பக்கமாகப் போடுங்கள், வெளியே தேய்க்கும் வேலை மிச்சம்.

கடைக்காரர் காட்டிய மெல்லிய துணி தட்டையான பலகைக்கு நல்லது. டிஷ்யூ, அதாவது 30 ஜி.எஸ்.எம். மெல்லிய விரிப்பு, கடைசி அடுக்கின்மேல் போட்டால் இழையின் அச்சு வெளியே தெரியாது. ரெக்சின் அல்லது துணி ஒட்டி மூடப்போகிறீர்கள் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கடைசியாக, முன் தூண் விஷயம். அந்தப் பிளாஸ்டிக் உறையில் ‘ஏர்பேக்’ என்றோ ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்றோ எழுதியிருந்தால் அங்கே கூடு வைக்கவே வேண்டாம். விபத்தில் காற்றுப்பை கிழித்துக்கொண்டு வரும் வழி அது. வழியில் ஃபைபர் கூடு இருந்தால் அது உங்கள் முகத்துக்குத்தான் வரும். பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் கதவு ஓரத்தில் இருக்கும் முக்கோணத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஓசைக்கும் அது மோசமான இடம் இல்லை.

*

மதுரையிலிருந்து: ரெசினில் எபாக்ஸிதான் பலம், பாலியெஸ்டர் மட்டமான சரக்கு என்கிறார் எங்கள் கடைக்காரர். விலையோ பல மடங்கு. உண்மையா?

எபாக்ஸி பலம்தான், மறுக்கவில்லை. மரத்திலும் இரும்பிலும் பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும், நாற்றம் குறைவு, காயும்போது சுருங்குவதும் குறைவு. ஆனால் மேலே திருப்பூர்த் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்: மேட்டின் பசையைக் கரைப்பது ஸ்டைரீன். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. சாதா மேட்டில் எபாக்ஸியை ஊற்றினால் மேட் அப்பளமாகவே இருக்கும், வளைவில் படியாது. எபாக்ஸி வாங்கினால் அதற்கேற்ப நெய்த துணி வாங்க வேண்டும், நெய்த துணியோ சின்ன வளைவில் மல்லுக்கு நிற்கும். விலை கொடுத்துத் தொல்லை வாங்குகிற கதை.

ஸ்பீக்கர் கூடு விமானச் சிறகா என்ன? சாதா ஜி.பி. ரெசின், அதாவது பொது உபயோகப் பாலியெஸ்டர், போதும், கதவுக்கு அது அதிகம்கூட. டாஷ்போர்டின் மேல், முன் கண்ணாடிக்கு நேர் கீழே வைப்பதாக இருந்தால் மட்டும் யோசிப்பேன். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் அந்த இடம் 70 டிகிரியைத் தாண்டும், ஜி.பி. ரெசின் இளக ஆரம்பிக்கும் சூடு கிட்டத்தட்ட அதுதான். அங்கே ஐசோ ரெசின் என்று கேட்டு வாங்குங்கள். அதுவும் பாலியெஸ்டர் வகைதான், சூடும் தண்ணீரும் கூடுதலாகத் தாங்கும், மேட்டோடும் ஒத்துப்போகும். விலை கொஞ்சம்தான் கூட.

இன்னொன்று. எந்த ரெசினாக இருந்தாலும் கதவுப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும் என்று நம்பாதீர்கள். கதவு அட்டையைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே எழுத்து இருக்கும். ‘ஏ.பி.எஸ்.’ என்றிருந்தால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஒட்டலாம். ‘பி.பி.’ என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், அதில் ஒன்றும் நிற்காது, காய்ந்ததும் பலாச்சுளை மாதிரிக் கழன்று வரும். பெரும்பாலான கதவுகள் பி.பி.தான். போல்ட் போட்டுத்தான் இறுக்க வேண்டும்.

*

புதுக்கோட்டையிலிருந்து: ஐப்பசியில் ஒரு மழை நாளில் போட்டேன். இரண்டு நாளாகியும் கையில் பிசுபிசுக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள், நகத்தால் ஒரு குத்து குத்திப் பாருங்கள். நகம் இறங்காமல் மேலே மட்டும் பிசுக்கு இருந்தால் அது நோயே இல்லை. பாலியெஸ்டரின் மேல் தோல், காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டால் முழுசாகக் காயாது, இயற்கை. அடுத்த அடுக்கு போடுவதற்கு அந்தப் பிசுக்கு நல்லதும்கூட, ஒட்டிப் பிடிக்கும். இனி அடுக்கு இல்லை என்றால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தேயுங்கள். துடைக்காமல் தேய்த்தால் உப்புத்தாள் ஒரே நிமிஷத்தில் மெழுகிப்போகும்.

நகம் இறங்கினால் கலவையில் கோளாறு. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், நம் கடைகளில் ஹார்ட்னர் என்பார்கள், குறைந்திருக்கலாம். கலக்காமல் விட்டிருக்கலாம். அல்லது மேட் ஈரமாக இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் மேட்டைத் திறந்துபோட்டால் ஈரத்தை இழுக்கும், பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். வெயில் வந்ததும் இரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள், பல நேரம் பிழைத்துக்கொள்ளும். அப்போதும் நகம் இறங்கினால் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும், அதன்மேல் இன்னோர் அடுக்கு போட்டு மூடி மறைக்காதீர்கள்.

அளவு சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ரெசினுக்கு கேட்டலிஸ்ட் ஒன்றரை கிராம். ஊசியில்லாத சிரிஞ்சில் ஒன்றரை மில்லி என்று எடுத்தால் போதும். மே மாத நடுப்பகலில் ஒரு மில்லிக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் பிரஷ் கையில் இருக்கும்போதே மக்கில் ரெசின் பால்கோவாவாகிவிடும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். மிச்ச ரெசினை மக்கிலேயே கும்பலாக விட்டால் சூடேறிப் புகையும்.

*

திண்டுக்கல்லிலிருந்து: ஆக்சிலரேட்டர், ஹார்ட்னர் இரண்டையும் முதலில் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம் இல்லையா?

வேண்டவே வேண்டாம்! இதை எந்த எழுத்தில் பெரிதாகப் போட்டாலும் தகும். ஆக்சிலரேட்டர் என்பது ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசல், ஊதா நிறத்தில் இருக்கும். கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். நான் வேலை பார்த்த கொட்டகையில் ஒரு பையன், கோபால்ட் ஊற்றி வைத்திருந்த மக்கைக் கழுவாமல் அதிலேயே கேட்டலிஸ்ட்டை ஊற்றினான். புஸ்ஸென்று ஒரு சத்தம், மக்கு உருகிவிட்டது, அவன் புறங்கை வெந்துபோனது. இரண்டு வாரம் சோறு ஊட்டிவிட்டோம்.

முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்குங்கள், முழுக்க ஒரே நிறம் வரட்டும். கை வைக்கும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட். கோபால்ட் கடைக்குக் கடை வேறு வேறு வீரியத்தில் வரும், அளவை வாங்கும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல வழி, கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாக வாங்கிவிடுவது. லேசான ரோஸ் நிறத்தில் இருக்கும். வீட்டில் செய்பவர்கள் அதையே கேளுங்கள்.

*

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் வீட்டுக்காரர் உங்கள் பத்தியைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் இந்த வேலையை ஆரம்பித்திருக்கிறார். நாற்றம் படியில் இறங்கி வீட்டுக்குள் வருகிறது, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. அவர் சட்டையோடு என் புடவையையும் துவைத்ததில் எனக்கு இரண்டு நாள் அரிப்பு. இதெல்லாம் தேவைதானா?

அம்மா, குற்றத்தில் எனக்கும் பங்கு இருப்பதால் பணிவாகவே பதில் சொல்கிறேன். அந்த நாற்றம் ஸ்டைரீன். தலைவலி, கண் எரிச்சல் கொடுக்கும், குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். செய்து முடித்த கூட்டை அன்றைக்கே கீழே கொண்டுவரக் கூடாது, நாற்றம் அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் மாடியிலேயே கிடக்கட்டும். நல்ல வெயில் பட்டால் கூட்டுக்கும் நல்லதுதான், முழுசாக இறுகும். துணியில் தைத்த முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரி அடைத்த வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போது தூசிக்கான வடிகட்டியும் வேண்டும்.

அரிப்பு கண்ணாடித் தூள் செய்த வேலை. அவர் வேலைத் துணியைத் தனி வாளியில், அவரே துவைப்பதுதான் நியாயம். உடம்பில் ஒட்டிய இழையைச் சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். மாஸ்கிங் டேப்பைத் தோலில் ஒட்டி உரித்தால் பாதி வந்துவிடும், பிறகு பச்சைத் தண்ணீர், சோப்பு. காய்ந்த கூட்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தால் தூசியே பறக்காது, இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் பாட்டில் கேட்டலிஸ்ட் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும். பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், சமையலறைக்குத் தூரமாக வையுங்கள்.

தேவைதானா என்று கேட்டீர்கள். பாட்டு நன்றாகக் கேட்கும் அம்மா. அதற்குமேல் எனக்கு வக்காலத்து வாங்கத் தெரியவில்லை.

*

சேலத்திலிருந்து: தெர்மக்கோலைச் செதுக்கி அச்சு செய்து, அதன்மேல் ரெசின் ஊற்றினேன். அச்சைக் காணவில்லை!

தின்றுவிட்டது. ஸ்டைரீனுக்குத் தெர்மக்கோல் பஞ்சு மிட்டாய். பேக்கிங் டேப்பை முழுக்கச் சுற்றி ஓட்டையில்லாமல் மூடினால் ஓரளவு தப்பும். மஞ்சள் நிற பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்கிச் செதுக்குங்கள், அதை ரெசின் தொடாது.

*

கரூரிலிருந்து: கார்பன் ஃபைபர் போட்டால் ஓசை இன்னும் நன்றாக இருக்குமா?

பில் நன்றாக இருக்கும்.

*

தூத்துக்குடியிலிருந்து: ஃபைபர் எல்லாம் படகுக்குச் சரி, காரின் குலுக்கலுக்குத் தாங்குமா என்கிறார் என் மாமா.

கடல் குலுக்காததையா நம் ரோடு குலுக்கிவிடப் போகிறது? அமெரிக்காவில் செவர்லே கம்பெனி 1953இல் கார்வெட் என்ற காரை இறக்கியபோது அதன் பாடி முழுவதுமே ஃபைபர் கிளாஸ். மாமாவிடம் சொல்லுங்கள். தாங்காமல் போவது ஃபைபர் இல்லை, மேட் போட வேண்டிய இடத்தில் பட்டியை அரை இஞ்ச் அப்பும் வேலை. பட்டி மேடு பள்ளம் சரிசெய்யத்தான், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் இன்னோர் அடுக்கு மேட் போடுங்கள்.

*

நாகர்கோவிலிலிருந்து: ஒரு கடையில் செய்து வாங்கிய கூடு. ஒரு மழைக்காலம் போனதும் ஸ்பீக்கர் ஆடுகிறது, ஸ்க்ரூ பிடிக்கவில்லை. ஃபைபரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்பீக்கரைக் கழற்றி, அது உட்காரும் வளையத்தைத் தடவிப் பாருங்கள். ஊறிய ரஸ்க் மாதிரி உப்பியிருக்கும். வளையம், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டியது. வெட்டச் சுலபம், விலை குறைவு என்று எல்லோரும் அதைப் போடுகிறோம், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் கார் கதவின் உள்ளே மழைத் தண்ணீர் வருவது சகஜம். ஜன்னல் கண்ணாடி வழியாக இறங்கி, கதவின் அடியில் உள்ள ஓட்டையில் வெளியேறும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். நடுவில் உங்கள் வளையம் அதைக் குடித்துவிட்டது. உங்கள் ஊர் மழை வேறு.

12 மில்லிமீட்டர் மெரைன் பிளையில், அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில், புது வளையம் வெட்டுங்கள். ஸ்க்ரூ ஓட்டைகளை முதலிலேயே போட்டு, ஓட்டைக்குள்ளும் போகும்படி ரெசினில் இரண்டு முறை முக்கி எடுங்கள். பலகையைத் தண்ணீர் கெடுப்பது எப்போதும் வெட்டுவாய் வழியாகவும் ஓட்டை வழியாகவும்தான். மரத்தில் ஸ்க்ரூ இறக்குவதற்குப் பதில் உள்பக்கம் நட் வைத்து போல்ட் போட்டால் எத்தனை முறை கழற்றினாலும் தேயாது.

வளையத்தின் ஓட்டை அளவை யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். ஆறரை இஞ்ச் என்று ஒரே பெயரில் வரும் ஸ்பீக்கர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து வெட்டுங்கள். ஆழமும் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடி முழுக்க இறங்கும்போது காந்தத்தில் இடிக்குமா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஓர் உருண்டை காந்தத்தின் பின்னால் ஒட்டி, கண்ணாடியை மெதுவாக இறக்குங்கள். களிமண்ணில் தடம் விழுந்தால், இன்னும் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ள வேண்டும் என்று அந்தத் தடமே சொல்லிவிடும்.

*

தஞ்சாவூரிலிருந்து: நீங்கள் போன முறை எழுதியபடியே ஸ்பீக்கரை மாட்டிவிட்டேன், ஃபைபர் கூடு நானே செய்தது. தவில் வரும்போது மட்டும் கதவிலிருந்து கிர்ரென்று ஓர் இரைச்சல். மேட் குறைந்துவிட்டதா?

தவில் கேட்கிற காதுக்கு இரைச்சல் தப்பாதுதான். கூட்டை விரல் மொட்டியால் தட்டுங்கள். தேங்காய் ஓடு மாதிரி டொக்கென்றால் தடிமன் போதும். தகரத் தட்டு மாதிரிக் கணீரென்று அதிர்ந்தால் மெலிசு. கழற்றி உள்பக்கம் இன்னும் இரண்டு அடுக்கு 450 போடுங்கள், ஒரே மூச்சில் அதற்குமேல் வேண்டாம், சூடேறி கூடு முறுக்கிக்கொள்ளும். பழைய ஃபைபரைக் கரகரப்பாகத் தேய்த்துவிட்டுத்தான் புது அடுக்கு.

தடிமன் சரியாக இருந்தால் காற்று எங்கேயோ ஒழுகுகிறது. ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவே, வளையத்துக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே, இரண்டு இடத்திலும் ஃபோம் டேப் ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டாவிட்டால் ஸ்பீக்கர் கூம்பின் முன்னால் வரும் ஓசையும் பின்னால் வரும் ஓசையும் அந்தச் சந்தில் கலந்து தவிலின் அடியைத் தின்றுவிடும், மிஞ்சுவது இரைச்சல்தான்.

இரண்டும் சரி என்றால், அதே தவிலைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, கதவின் ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. என் சொந்த வண்டியில் இப்படி ஓர் இரைச்சலுக்கு இரண்டு முறை கூட்டைப் பிரித்து, மூன்று அடுக்கு மேட் ஏற்றினேன். கடைசியில் கதவுப் பையின் மடிப்பில் கிடந்த டோல்கேட் சில்லறை, இரண்டு ரூபாய் நாணயம்.